மணிக்கட்டில் ஒரு வயிறு

மனிதனுக்கு இரைப்பை எங்கே இருக்கிறது என்று கேட்டால் என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் சரியாகக் காட்டிவிடுவார்கள். படம் வரையச் சொன்னால் கல்லீரலையும் கணையத்தையும் மாற்றிப் போடுவார்கள், அது வேறு. ஆனால் இரைப்பை வயிற்றில்தான் இருக்கிறது என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. என் வீட்டுக்காரருக்கு மட்டும் போன வருடம் அது இடது மணிக்கட்டுக்கு இடம் மாறிப் போனது. அறிவியல் டீச்சர் வீட்டிலேயே இப்படி நடந்ததைப் பள்ளிக்கூடத்தில் நான் யாரிடமும் சொல்லவில்லை.

அவர் விவரம் இல்லாத ஆளும் இல்லை. சின்னமனூரில் உரக்கடை வைத்திருக்கிறார். யாராவது ஒரு விவசாயி வாழை இலையில் ஒரு துண்டைக் கிள்ளிக்கொண்டு வந்து நீட்டினால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்து, என்ன நோய், எதை அடிக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். கம்பெனிக்காரன் வந்து புது மருந்தைப் பற்றி அளந்தால், "ஒங்க சொந்தத் தோட்டத்துல அடிச்சுப் பாத்தீகளா?" என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிடுவார். யார் எதை விற்க வந்தாலும் சந்தேகப்படுகிற மனுஷன். தன் உடம்பு என்று வந்தபோதுதான் அந்தச் சந்தேகத்தை எல்லாம் கடைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார்.

காரணம் பயம். அதற்கு முந்தின வருடம் அவருடைய அண்ணன், மதியச் சாப்பாடு முடித்துக் கை கழுவ எழுந்து போனவர், குழாயடியிலேயே சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே முடிந்துவிட்டது. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே முகம், ஒரே நடை, ஒரே தொந்தி. துக்கம் கேட்க வந்தவர்கள், "ஒங்க அண்ணனை அப்படியே உரிச்சு வச்ச மாதிரி இருக்கீக" என்று ஆளாளுக்குச் சொல்லி, இவருக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் தைரியத்தையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

தேனியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது, எடைதான் கூடுதல், சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு நடங்கள் என்றார். நல்ல சேதிதானே? இவருக்குப் போதவில்லை. "எம்புட்டுக் குறைக்கணும்னு சொல்லலையே" என்று வழி நெடுக முனகிக்கொண்டு வந்தார். ஒரு ஏக்கருக்கு எத்தனை மில்லி என்று சொல்லிப் பழகியவருக்கு, 'கொஞ்சம் குறையுங்கள்' என்பது வைத்தியமாகவே தெரியவில்லை.

அப்பாவின் பயத்தைப் பார்த்துப் பார்த்துத் தாங்காமல், கோயம்புத்தூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் எங்கள் மகள் அதை வாங்கி அனுப்பினாள். கறுப்பு ரப்பர் பட்டை, அதன் நடுவில் ஒரு சின்னத் திரை. நடப்பதை எண்ணும், நாடியைப் பார்க்கும், தூக்கத்தைப் பார்க்கும். இதெல்லாம் எந்தப் பட்டையும் செய்யும் வேலை. இதன் தனிப் பெருமை வேறு. நாம் ஒரு நாளைக்கு எத்தனை கலோரி சாப்பிட்டோம் என்று தானாகவே கண்டுபிடித்துவிடுமாம். எழுதி வைக்க வேண்டாம், எடை போட வேண்டாம், தட்டைப் படம் எடுக்க வேண்டாம். கையில் கட்டினால் போதும், மீதியைத் தோல் சொல்லிவிடும்.

எப்படி என்று பெட்டிக்குள் இருந்த தாளில் விளக்கம் போட்டிருந்தது. சாப்பாடு சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறதாம். சர்க்கரை செல்லுக்குள் போகும்போது தண்ணீர் வெளியே வருகிறதாம். அந்தத் தண்ணீரைப் பட்டை தோல் வழியாக அளந்து, அதிலிருந்து கணக்குப் போட்டு, நீங்கள் உள்ளே தள்ளியது இவ்வளவு என்று சொல்லிவிடுமாம். படித்துவிட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. பாதிப் பாடத்தைப் படித்துவிட்டு மீதியைக் கதை அளந்து நிரப்பும் பரீட்சைத் தாள்களை நான் வருடா வருடம் திருத்துகிறவள். நெய்யும் கடலையும் கறியும் சர்க்கரையாகவா மாறிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன? எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் தோலில் ஊறும் தண்ணீர் சாப்பாட்டினால் வந்ததா, வேர்வையால் வந்ததா என்று அது யாரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்? நடையை எண்ணட்டும், கை ஆடுகிறது. நாடியைப் பார்க்கட்டும், ரத்தம் அங்கே ஓடுகிறது. வாய்க்குள் போனதை மணிக்கட்டில் இருந்து எண்ணுவது என்பது, தேனி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு கம்பத்தில் எத்தனை பேர் இறங்கினார்கள் என்று சொல்வதைப் போன்றது.

"ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகந்தான். எம்புட்டு ஆராய்ச்சி பண்ணிருப்பாக" என்றார்.

"யாரு பண்ணுனாக?"

"பண்ணிருப்பாகல்ல."

கம்பெனிக்காரனிடம் கேட்கும் அந்த ஒரு கேள்வியை இங்கே அவர் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தேன். அவர் வழக்கம்போல் சாப்பிட்டார். அவருடைய வழக்கம் என்பது மூன்று பேருடைய வழக்கம். சாப்பிட்டு முடித்துப் பயந்து பயந்து பட்டையைப் பார்த்தார். அது ஏதோ குருவி கொறித்த கணக்கைக் காட்டியது. முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, நம்ம கறியில அம்புட்டுக் கலோரி இல்லடி" என்று ரசத்துக்கு இன்னொரு கரண்டிச் சோறு வாங்கிக்கொண்டார். மகள் ஆசையாக வாங்கித் தந்தது, கட்டிக்கொண்டு திரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் வீரபாண்டித் திருவிழா வந்தது. அம்மனைக் கும்பிடும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார், சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். அக்கினிச் சட்டி எடுத்து வருகிறவர்களுக்கு வழிவிட்டு வழிவிட்டு, உச்சி வெயிலில் வரிசையில் நின்றோம். அவருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது. சந்நிதிக்குப் பக்கத்தில் வந்ததும் பட்டை கிர்ர் என்று அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால், இன்றைய அளவைத் தாண்டிவிட்டீர்கள், இனிமேல் உணவைத் தவிருங்கள் என்று எழுத்து ஓடுகிறது. ஒரு கல்யாண விருந்தே சாப்பிட்ட கணக்கு. ஊர் முழுக்க அம்மனைப் பார்த்து மன்றாடிக்கொண்டிருக்க, இவர் மணிக்கட்டைப் பார்த்து, "நான் ஒண்ணுஞ் சாப்பிடலையே" என்று மன்றாடினார்.

இதோடு தெளிந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் வேறு மாதிரித் தெளிந்தார். மெஷின் தப்பாகச் சொல்லாது, அப்படியானால் தப்பு எங்கேயோ இருக்கிறது, எங்கே இருக்கும், பொண்டாட்டி சமையலில்தான் இருக்கும். "நேத்து ரசத்துல என்னத்த ஊத்துன?" என்று விசாரணை தொடங்கியது. முந்தின நாள் ரசம் மறுநாள் மதியம்வரை உடம்பில் காத்திருந்து, வரிசையில் நிற்கும்போது பார்த்து வேலையைக் காட்டுகிறதாம். நல்லெண்ணெய் டப்பாவை என் கண் முன்னாலேயே தூக்கிப் பார்த்து மட்டம் பார்க்க ஆரம்பித்தார். இத்தனை வருடம் என் கையால் சாப்பிட்டவர், யாரோ முகம் தெரியாதவன் செய்த ரப்பர் பட்டையை நம்பி என் மேல் சந்தேகப்பட்டதில் எனக்கு நெஞ்சு எரிந்தது.

விடக் கூடாது என்று ஒரு சோதனை செய்தேன். தெரிந்த தோட்டத்திலிருந்து ஒரு நாட்டு வாழைத்தார் வந்து கொல்லையில் தொங்கியது. அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, பட்டையை எடுத்துத் தாரில் இருந்த ஒரு பழத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு வாழைப்பழத்துக்கு நாடி துடிக்கிறது என்று காட்டியது. அதோடு விட்டதா? பழம் காலையில் ஏதோ பலகாரம் சாப்பிட்டிருப்பதாகவும் ஒரு கணக்குச் சொன்னது. இருபது வருடத்துக்கும் மேலாக அறிவியல் நடத்துகிறேன், எந்தச் சோதனையும் இவ்வளவு சுத்தமாக எனக்கு வந்ததில்லை. துண்டோடு வந்தவரை இழுத்துக்கொண்டு போய்த் தாருக்கு முன்னால் நிறுத்தினேன்.

பார்த்தார். குனிந்து இன்னொரு தடவை பார்த்தார். பிறகு பொறுமையாக எனக்கு விளக்கினார்.

"வாழைப்பழத்துல கலோரி இருக்குல்ல? அதைத்தான் காட்டுது. இதுல என்ன தப்பு இருக்கு?"

இதற்கு மேல் அறிவியல் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவர் சாப்பிடுவதை நிறுத்த ஆரம்பித்தார். கடையில் மூட்டை இறக்கும் நாட்களில், வெயில் அதிகமான நாட்களில், வேர்த்துக் கொட்டும் நாட்களில், அதாவது உடம்புக்குச் சோறு தேவைப்படும் நாட்களில் எல்லாம் பட்டை போதும் போதும் என்றது. இவரும் தட்டைத் தள்ளினார். சாயங்காலம் கை நடுங்கும். கல்லாவில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களிடம் சிடுசிடுத்தார். ஒரு நாள் எழுந்தவர் தடுமாறி அலமாரியைப் பிடித்துக்கொண்டார். "ஏங்க, பசிச்சா சாப்பிடணும், இம்புட்டுத்தாங்க விஷயம்" என்று கத்தினேன். "பசியை நம்பித்தான் எங்க அண்ணன் போனாக" என்றார்.

இந்த நிலையில்தான் மகளுக்கு வரன் கூடி வந்தது. வரன் என்பது மரியாதைக்குச் சொல்வது. கம்பத்துப் பையன், கோயம்புத்தூரில் இவள் வேலை பார்க்கும் இடத்திலேயே வேலை. பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் இத்தனை மைல் தள்ளிப் போய்ப் பழகி, பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். சாதி ஒன்றுதான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட நிமிடத்திலிருந்து காதல் என்ற சொல்லை எல்லோரும் சௌகரியமாக மறந்துவிட்டு, "நல்ல வரன் வந்திருக்கு" என்று பேசத் தொடங்கினோம். எங்கள் ஆட்கள் இதில் எல்லாம் கெட்டிக்காரர்கள்.

அவர்கள் வந்து பெண் பார்த்தார்கள். காப்பியோடு நிறுத்திக்கொண்டார்கள். அதுதான் முறை. எங்கள் பக்கம் சம்பந்தம் பேசப் போனால், மனசுக்கு முழுதாகப் பிடிக்கும்வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டோம். கை நனைப்பது என்றால் இலையில் உட்கார்ந்து சோறு சாப்பிடுவது. சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம், அதற்குப் பிறகு பேச்சு மாறக் கூடாது. பிடிக்கவில்லை என்றால் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம், "வயிறு சரியில்ல", "இப்பத்தான் சாப்பிட்டு வந்தோம்" என்று ஏதாவது சொல்லி இலையில் உட்காராமல் வந்துவிடுவோம். எதிர் வீட்டுக்காரர்களும் புரிந்துகொள்வார்கள். எந்தப் பட்டையும் இல்லாமலே, யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று எங்கள் ஊரில் எல்லோரும் சரியாகக் கணக்கு வைத்திருப்பார்கள்.

வைகாசியில் ஒரு நல்ல நாள் பார்த்து, மாப்பிள்ளை வீடு பார்க்கக் கம்பத்துக்குக் கிளம்பினோம். நானும் அவரும், துணைக்கு என் அண்ணனும். முடிவோடுதான் போனோம், சாப்பிட்டுவிட்டுத்தான் வருவோம் என்று முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தோம். கோயம்புத்தூரில் மகள் காலையிலிருந்து போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். இவர் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டார். அந்தச் சட்டைக் கைக்குள்ளே பட்டையும் வந்தது. "இன்னைக்கு ஒரு நாள் கழட்டி வைங்களேன்" என்றேன். "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார்.

ஊருக்கு வெளியே திராட்சைப் பந்தலை ஒட்டிய வீடு. மாப்பிள்ளையின் அப்பா நேர்ப் பேச்சுக்காரர். உட்கார்ந்ததும் முதலில் அதைத்தான் சொன்னார். "ஒளிவு மறைவு வேணாம். எங்க மூத்த மக அவ இஷ்டத்துக்கு ஒரு மலையாளத்துப் பையனைக் கட்டிக்கிட்டா. குமுளியில இருக்காக. பிள்ளை பிறந்த பெறகு இங்கன வரப் போக இருக்கா. இன்னைக்குச் சமையல் அவதான். ஒங்களுக்கு அதுல சங்கடம் ஏதும் இருந்தா இப்பவே சொல்லிருங்க, நாங்க தப்பா நினைக்க மாட்டோம்."

"ஒரு சங்கடமும் இல்ல. பிள்ளைக நல்லா இருந்தாச் சரி" என்றார் என் வீட்டுக்காரர். மனசாரத்தான் சொன்னார். கதவுக்குப் பக்கத்தில் நின்ற அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் போனதை நான் பார்த்தேன்.

இலை போட்டார்கள். பெண்ணின் அப்பா முதல் வாய் வைத்த பிறகுதான் மற்றவர்கள் தொட வேண்டும். நானும் அண்ணனும் இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டுக் காத்திருந்தோம். முதலில் இனிப்பு வைக்க வேண்டும் என்று அந்த மூத்த மகளே பாயசப் பாத்திரத்தோடு வந்தாள். மலையாளத்துக்காரர்கள் செய்யும் அடைப் பாயசம், வெல்ல வாசனை கூடம் முழுக்க அடித்தது. இவர் இலைக்கு நேரே குனிந்து அவள் கரண்டியைச் சாய்க்கவும், பட்டுச் சட்டைக்குள்ளே கிர்ர் என்று சத்தம் கேட்டது.

வைகாசி வெயில், பட்டுச் சட்டை, மகள் கல்யாணப் பேச்சு. மனுஷன் வேர்க்காமல் என்ன செய்வார்? ஆனால் பட்டைக்கு அதெல்லாம் தெரியாதே. சட்டைக் கையை ஒதுக்கிப் பார்த்தார். முகம் வெளுத்தது. கையை இலைக்கு மேலே குறுக்கே நீட்டி மறைத்துக்கொண்டு, "எனக்கு வேணாம்மா, இன்னைக்குப் போதும்" என்றார்.

என் அண்ணன் இலையைத் துடைத்த கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் கரண்டியைப் பாத்திரத்துக்குள்ளே திரும்ப வைத்தாள். யாரையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். அவள் அம்மாதான் கேட்டார். "சங்கடம் இல்லைன்னீக?"

"ஐயையோ, அதில்லம்மா, இந்த வாட்ச்சு சொல்லுச்சு" என்றார் இவர்.

உலகத்தில் சொல்லக்கூடிய சாக்குகள் எத்தனையோ இருக்கின்றன. வயிற்று வலி, தலைவலி, விரதம், எதைச் சொன்னாலும் ஒரு மரியாதை இருந்திருக்கும். உண்மையைச் சொன்னார், அது எந்தப் பொய்யையும்விடக் கேவலமான பொய்யாகக் கேட்டது. நான் குறுக்கே விழுந்து பட்டையைப் பற்றி, கலோரியைப் பற்றி, தோல் வழியாக வரும் தண்ணீரைப் பற்றி எல்லாம் விளக்கினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சனியனை நம்பச் சொல்லி மற்றவர்களிடம் கெஞ்ச வேண்டிய நிலைமை எனக்கு. சம்பந்தியம்மா பட்டையை எட்டிப் பார்த்துவிட்டு, "இது சாப்பிட்டதைச் சொல்லுமா?" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. பிறகு இவர் அவசர அவசரமாகச் சோறு வாங்கிப் பிசைந்து சாப்பிட்டார். நாங்களும் சாப்பிட்டோம். கேட்ட பிறகு சாப்பிட்ட சாப்பாடு யாருக்கும் கணக்கில் சேராது. கை கழுவி வந்தபோது மாப்பிள்ளையின் அப்பா வெற்றிலைத் தட்டை எடுக்கவில்லை. "கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான்.

உத்தமபாளையம் தாண்டும்போது மகள் போன் செய்தாள். எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் நடந்தது நடந்ததுதானே, சொன்னேன். "நான் வாங்கிக் குடுத்ததும்மா அது" என்றாள். அப்புறம் அழுகைச் சத்தம்தான் கேட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், பக்கத்தில் இருந்தவரும் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவர்மேல் பாயலாம் என்று ஒரு கூடை வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "அண்ணன் மாதிரி நானும் பொசுக்குன்னு போயிருவேனோன்னு பயமா இருக்கு. இவ கழுத்துல தாலி ஏறுறதைப் பாக்கணும்ல. அதுக்குத்தான் இம்புட்டும்" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அண்ணன் செத்த அன்றைக்கு, அதற்கப்புறம் இப்போதுதான். மகள் கல்யாணத்தைப் பார்க்க உயிரோடு இருக்க வேண்டும் என்று கட்டிக்கொண்ட பட்டை, அந்தக் கல்யாணத்தையே கலைத்துவிட்டது. இதைவிடச் சிறப்பாக ஒரு பட்டை என்னதான் செய்துவிட முடியும்? சேர்த்து வைத்த வார்த்தைகளை எல்லாம் விழுங்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவரே பட்டையைக் கழற்றி அலமாரியில் போட்டார். நான் கேட்கவில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து, கம்பத்தில் டீலர் கூட்டம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காலையில் கிளம்பிப் போனார். சாயங்காலம் திரும்பினார். சாப்பிட்டீர்களா என்றேன். "ஆச்சு" என்றார். எதையும் மறைக்கத் தெரியாத மனுஷன் எதையோ மறைக்கிறார் என்று தெரிந்தது. டாக்டரிடம் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எனக்கு ஒரு போன் வந்தது. புது நம்பர்.

"அத்தை, நான் குமுளியிலருந்து பேசுறேன்" என்றது குரல். கம்பத்தில் நாங்கள் வீடு பார்க்கப் போன அன்று, பாயசம் ஊற்ற வந்த இதே பெண் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டாள்.

"நேத்து மாமா இங்கன வந்திருந்தாக அத்தை. ஒங்ககிட்டச் சொல்லலைன்னாக. பஸ்ஸுல வந்து, விசாரிச்சு விசாரிச்சு வீட்டைக் கண்டுபிடிச்சிருக்காக. வாசல்லயே நின்னு, 'ஆத்தா, பசிக்கிது, சோறு இருக்கா'ன்னு கேட்டாக. எனக்கு ஒண்ணும் புரியல. இவுகளும் வேலைக்குப் போயிட்டாக. நானும் பிள்ளையுந்தான் இருந்தோம். மீன் குழம்புதான் இருக்கு மாமான்னேன். போடும்மான்னு தரையில உக்காந்துட்டாக. ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாக. அன்னைக்கு ஊத்த வந்த பாயசத்தை இன்னைக்குக் குடுன்னாக. இருந்தாத்தானே குடுக்க, டீதான் போட்டுக் குடுத்தேன்."

மறு காதைக் கையால் பொத்திக்கொண்டேன். அவளே தொடர்ந்தாள்.

"ஒண்ணு சொல்லவா அத்தை? எங்க அப்பா அம்மாவே இந்த வீட்டுல இன்னும் கை நனைச்சதில்ல. நான்தான் அங்கன போவேன், வருவேன். அவுக வந்ததே இல்ல. பொறந்த வீட்டு ஆளுன்னு இந்த வீட்டுல மொதமொத சாப்பிட்டது மாமாதான்."

"அப்பாகிட்டச் சொன்னியா?"

"நேத்தே சொன்னேன். அப்புறம், 'நமக்கு முந்தி அவுக கை நனைச்சுட்டாக, இனி என்னத்தைக் கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புறது'ன்னு அம்மாகிட்டச் சொல்றது கேட்டுச்சு. பெறகு என்கிட்ட, 'என்ன குழம்பு வச்ச?'ன்னு கேட்டாக. மீன் குழம்புன்னேன். 'நாளைக்கும் அதையே வையி, நானும் ஒங்க அம்மாவும் வாரோம்'னாக."

ஆசிரியர் அறையில் எல்லோரும் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்கள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

"லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறிட்டாகளாம் அத்தை, இப்பத்தான் அம்மா பேசுச்சு. எனக்குக் கை ஓடல, கால் ஓடல. என்ன செய்யட்டும்?"

"ஒண்ணும் செய்யாதடி" என்றேன். "போனை வச்சுட்டு இலையைப் போடு."